எழுபத்திரண்டு: ஒரு செப்பேடும் ஓர் எண்ணும்

மலை முதல் கடல் வரை – பகுதி 9

வத்தல்மலையைச் சுற்றிக் கிடக்கும் பழைய தகடூர் நாட்டின் நடுகற்களைச் சென்ற பகுதியில் பார்த்தோம். பெரும்பாலான எழுத்துடை நடுகற்கள் இரண்டு செய்திகளை விடாமல் சொல்கின்றன. ஒன்று, மாண்டவனின் பேர். மற்றொன்று, அரசனின் ஆட்சியாண்டு. செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல்லை எடுத்துக்கொள்வோம். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல் அது. கருந்தேவகத்தி என்ற வீரனோடு கோவிவன் என்ற நாயும் அதில் இடம்பெற்றிருக்கிறது. கள்ளரைக் கடித்து நின்ற நாய்க்குக்கூடப் பேர் பொறித்தார்கள் நம் முன்னோர். பேரும் எண்ணும் இருந்தால் ஓர் உயிர் மறக்கப்படாது என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்தக் கல்வெட்டுகள் வட்டெழுத்தில் உள்ளன. அதே வட்டெழுத்து சில நூற்றாண்டுகள் கழித்து மேற்குக் கடற்கரையில், ஒரு யூத வணிகத் தலைவரின் கைக்குப் போன செப்பேட்டில் வருகிறது. பேரையும் எண்ணையும் வைத்து வேதத்தையே படித்த ஒரு சமூகத்தின் கதைக்குள் அந்தச் செப்பேடு நம்மை அழைத்துச் செல்கிறது.

முயிரிக்கோட்டில் ஓர் அரசாணை

கொச்சி மட்டாஞ்சேரியில் பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. 1568இல் கட்டியது. அங்கே பாதுகாக்கப்பட்டு வந்த செப்பேடுகள் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மனின் ஆணையைத் தாங்கியவை. மன்னன் முயிரிக்கோட்டில் வீற்றிருந்தபோது கொடுத்தது. ஆண்டு, ‘இரண்டாம் ஆண்டுக்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டு’ என்ற பழைய முறையில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 38. இது கி.பி. 1000 என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். கொச்சி யூதர்களின் மரபு இதைக் கி.பி. 379க்குக் கொண்டுபோகும். ஆனால் எழுத்தின் வடிவமும் மன்னனின் காலமும் அதற்கு இடம் தரவில்லை.

ஆணையைப் பெற்றவர் யோசேப்பு ரப்பான். செப்பேட்டில் அவர் பேர் உள்நாட்டு ஒலிப்பில் ‘இஸ்ஸூப்பு இறப்பான்’ என்று வருகிறது. அவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமை தரப்பட்டது. பகலில் விளக்கேற்றிச் செல்லலாம், நடக்கப் பாவாடை விரிக்கலாம், பல்லக்கில் ஏறலாம், குடை பிடிக்கலாம், பறையும் காகளமும் முழக்கலாம், வாசலில் தோரணம் கட்டலாம். ஊரார் அரண்மனைக்குக் கட்டும் வரிகளை அவர் கட்ட வேண்டியதில்லை. அவருடைய மகன், மகள், மருமகன் என வழிவழியாக, உலகும் சந்திரனும் உள்ளவரை இவை தொடரும். இத்தனையையும் பட்டியலிட்டு, மொத்தமாக ‘எழுபத்திரண்டு விடுபேறு’, அதாவது எழுபத்திரண்டு சிறப்புரிமை, என்று ஆணை குறிக்கிறது.

ஏன் எழுபத்திரண்டு? எழுபது என்றோ நூறு என்றோ சொல்லியிருக்கலாமே? வேதம் கற்ற யூதர் ஒருவர் இந்த எண்ணைக் கேட்டால் அவர் மனம் சும்மா இருக்காது. காரணம் அறிய, எபிரேய எழுத்துக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

எழுத்தே எண்

எபிரேயத்தில் 22 எழுத்துகள். தமிழ் விவிலியத்தில் 119ஆம் சங்கீதத்தைப் படித்தவர்களுக்கு அவை பழக்கமானவை. ஆலெப், பேத் என்று அந்தச் சங்கீதத்தின் 22 பகுதிகளுக்கும் தலைப்பாக நிற்பவை அந்த எழுத்துகளே. பகுதிக்கு எட்டு வசனமாக மொத்தம் 176. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆலெப் 1, பேத் 2 என்று தொடங்கி யோத் 10. பிறகு பத்துப் பத்தாக ஏறி கோப் 100. ரேஷ் 200, ஷீன் 300, கடைசி எழுத்தான தௌ 400.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தின் மணிக்கூண்டை அண்ணாந்து பார்க்கலாம். 1760இல் எசேக்கியேல் ரகாபி எழுப்பியது அது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு பெருவணிகம் செய்தவர் அவர். மணிக்கூண்டின் ஒரு முகத்தில் மணி எண்கள் எபிரேய எழுத்துகளில் உள்ளன. ஆலெப் இருக்கும் இடம் ஒரு மணி. யோத் பத்து மணி. யோத்தும் பேத்தும் சேர்ந்தால் பன்னிரண்டு. ஜெபத்துக்குப் போகிறவரும் கடைக்குப் போகிறவரும் எழுத்தைப் பார்த்தே நேரம் அறிந்தார்கள். எழுத்தும் எண்ணும் ஒன்றாக இருப்பது யூதருக்கு இரகசிய வித்தை அல்ல. அன்றாடப் புழக்கம்.

அந்தப் புழக்கத்திலும் ஒரு பயபக்தி இருந்தது. பதினைந்தை யோத்தும் ஹேயும் சேர்த்து, 10+5 என்று எழுதுவதே முறை. ஆனால் அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்தால் இறைவனின் பேராகிவிடும். எனவே 9+6 என்று எழுதுவார்கள். பதினாறையும் அதே காரணத்தால் 9+7 என்பார்கள். கணக்குப் புத்தகத்தில்கூட இறைவன் பேரை வீணாக எழுதக் கூடாது என்ற கட்டுப்பாடு இது.

தமிழருக்கு இந்த முறை அந்நியம் அல்ல. க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு, எ என்றால் ஏழு, அ என்றால் எட்டு, ய என்றால் பத்து என்று பத்திரங்களிலும் பஞ்சாங்கங்களிலும் எழுதியவர்கள் நாம். எட்டுக்கு உரிய ‘அ’வையும் காலுக்கு உரிய ‘வ’வையும் கூட்டி, ஒருவரை அவலட்சணம் என்று ஔவையார் ஏசியதாகத் தனிப்பாடல் ஒன்று உண்டு. எண்ணைச் சொல்லி எழுத்தை உணர்த்தும் உத்தி அது. கர்நாடக இசையில் கடபயாதி முறையும் உண்டு. மாயாமாளவகௌளையின் ‘மா’வுக்கு 5, ‘யா’வுக்கு 1. வலமிருந்து படித்தால் 15. அது பதினைந்தாவது மேளம். இராகத்தின் பேரைச் சொன்னாலே அதன் வரிசை எண் வந்துவிடும்.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் எண் குறிகள் அகர வரிசையைப் பின்பற்றுவதில்லை. எபிரேயத்தில் எழுத்தின் வரிசையும் எண்ணின் வரிசையும் ஒன்று. ஆகவே அங்கே எந்தச் சொல்லையும் கூட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு பேரும் ஒரு தொகை. இப்படிக் கூட்டிப் பொருள் காணும் முறைக்குக் ‘கெமத்ரியா’ என்று பேர்.

பேருக்குள் ஒரு வாழ்க்கை

ஆதியாகமத்தில் ஆபிராம் ஆபிரகாம் ஆகிறார். சாராய் சாராள் ஆகிறார். தமிழ் விவிலியத்தில் படிக்கும்போது ஒலி மாறுவது மட்டும் தெரியும். எபிரேயத்தில் கணக்கே மாறுகிறது. சாராயின் பேரில் கடைசி எழுத்து யோத், மதிப்பு 10. அது நீங்கி, ஹே என்ற எழுத்து வருகிறது, மதிப்பு 5. ஆபிராமின் பேரிலும் ஒரு ஹே நுழைகிறது. யூத ரபிகள் சொன்ன விளக்கம் இது: மனைவியிடமிருந்து எடுத்த பத்து இரண்டு ஐந்தாகப் பிரிந்தது. ஒன்று கணவனுக்குப் போனது, ஒன்று அவளிடமே நின்றது. ஆபிரகாம் பெற்ற பெருமையில் பாதி சாராளுடையது என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியுமா?

ஆபிராம் என்ற பேரைக் கூட்டினால் 243. ஹே சேர்ந்த ஆபிரகாம் 248. மனித உடலில் 248 உறுப்புகள் என்பது ரபிகளின் கணக்கு. முதலில் 243 உறுப்புகளுக்கே அதிபதியாக இருந்தவர், பேர் மாறியதும் கண், காது உட்பட எல்லாவற்றையும் ஆளும் நிலைக்கு உயர்ந்தார் என்கிறது ரபிகளின் விளக்கத் தொகுப்பான தால்மூத். புலனடக்கம் என்று நாம் சொல்வதை அவர்கள் ஐந்து என்ற எண்ணால் சொன்னார்கள்.

வயோதிகத்தில் பிறந்த மகன் ஈசாக்கு. அந்தப் பேருக்குச் சிரிப்பு என்ற பொருளை வேதமே சொல்லிவிடுகிறது. ரபிகள் அதோடு நிற்கவில்லை. எழுத்து எழுத்தாகப் பிரித்தார்கள். யோத் பத்து: ஆபிரகாமுக்கு வந்த சோதனைகள். த்சாதே தொண்ணூறு: பெற்றபோது சாராளின் வயது. கேத் எட்டு: பிறந்த எட்டாம் நாள் விருத்தசேதனம். கோப் நூறு: தகப்பனின் வயது. நான்கே எழுத்துள்ள பேரில் ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் அடங்கிவிட்டது. பேரை உச்சரிக்கத் தெரிந்த குழந்தைக்குக் கதையும் மனப்பாடம்.

இன்னொரு இடம். சகோதரன் மகன் லோத்துவைச் சிறை மீட்க ஆபிராம் 318 பேரோடு புறப்பட்டார் என்கிறது ஆதியாகமம். ஏன் இவ்வளவு துல்லியமான எண் என்று ரபிகள் கேட்டார்கள். ஆபிராமின் ஊழியன் எலியேசரின் பேரைக் கூட்டினார்கள். 1, 30, 10, 70, 7, 200. சரியாக 318 வந்தது. படை ஏதும் போகவில்லை, எலியேசர் ஒருவனே போனான் என்பது தால்மூதில் உள்ள ஒரு விளக்கம். உண்மையுள்ள ஒரு வேலைக்காரன் ஒரு படைக்குச் சமம் என்பது அதன் சாரம்.

எண்களிலும் அப்படித்தான். வேதக் கட்டளைகள் 613 என்றார் ரபி சிம்லாய். ‘செய்யாதே’ என்பவை 365, சூரிய ஆண்டின் நாள்கள் அத்தனை. ‘செய்’ என்பவை 248, உடலின் உறுப்புகள் அத்தனை. ஒவ்வொரு நாளும் ‘தவறு செய்யாதே’ என்கிறது, ஒவ்வொரு உறுப்பும் ‘என்னால் நல்லது செய்’ என்கிறது. தோரா என்ற சொல்லைக் கூட்டினால் 611தான் வரும். மீதி இரண்டு? பத்துக் கட்டளைகளில் முதல் இரண்டையும் மக்கள் மோசேயின் வாயிலாக அல்லாமல் இறைவனிடமே நேராகக் கேட்டார்கள் என்று தால்மூத் கணக்கை நிறைவு செய்கிறது.

யூதரின் எழுபத்திரண்டு

இப்போது நம் செப்பேட்டு எண்ணுக்கு வருவோம். யாத்திராகமம் 14ஆம் அதிகாரத்தில் கடல் பிளக்கும் இடம். 19, 20, 21 ஆகிய மூன்று வசனங்கள். எபிரேயத்தில் ஒவ்வொரு வசனத்திலும் சரியாக 72 எழுத்துகள். முதல் வசனத்தை நேராகவும், இரண்டாவதைத் தலைகீழாகவும், மூன்றாவதை மறுபடி நேராகவும் அடுக்கி, மும்மூன்று எழுத்தாகச் சேர்த்தால் 72 கூட்டுகள் கிடைக்கும். அதுவே இறைவனின் எழுபத்திரண்டு நாமம் என்பது யூத மறைஞானிகளின் மரபு. கருணையைக் குறிக்கும் எபிரேயச் சொல்லின் மதிப்பும் 72.

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த கதையிலும் இதே எண் வருகிறது. 12 கோத்திரம், கோத்திரத்துக்கு ஆறு பேராக 72 மூப்பர்கள், 72 நாளில் வேலையை முடித்தார்கள் என்கிறது ‘அரிஸ்தேயாவின் கடிதம்’.

ஆக, கடலைப் பிளந்த நாமமும் 72, கருணையும் 72, வேதத்தைப் பெயர்த்தவர்களும் 72. கடல் கடந்து வந்த யூதருக்குச் சேர மன்னன் கருணையோடு கொடுத்ததும் 72. இவ்வளவு பொருத்தம் கண்ணில் பட்டதும், இது யூதரை மதித்து மன்னன் தேர்ந்தெடுத்த எண் என்று எழுதிவிடத் தோன்றும். வரலாறு எழுதுகிறவன் கையைப் பிடித்து நிறுத்திக்கொள்ள வேண்டிய இடம் இதுதான்.

யோசேப்பு ரப்பானுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னதாக, கி.பி. 849இல் கொல்லத்தில் தரிசாப்பள்ளி என்ற கிறித்தவத் திருச்சபைக்கு ஒரு செப்பேடு வழங்கப்பட்டது. அதிலும் எழுபத்திரண்டு விடுபேறு இருக்கிறது. மலைநாட்டு அரசவையில் வணிகர்களுக்கு முழு மரியாதை தருவதைக் குறிக்கும் ஆவண வழக்கு அது. எந்தச் சமயத்தவர் வந்தாலும் எழுத்தர் அதையே எழுதினார். செப்பேட்டின் 72 சேர நாட்டில் பிறந்தது, சீனாய் மலையடியில் அல்ல.

கர்நாடக இசையில் வெங்கடமகியின் மேள அமைப்பும் 72தான். அங்கே காரணம் சுத்தமான கணக்கு: முற்பகுதிச் சுரங்கள் சேரும் வகை ஆறு, பிற்பகுதி ஆறு, மத்திமம் இரண்டு. ஆறாறு முப்பத்தாறு, இருமடங்கு எழுபத்திரண்டு. எண் ஒன்றாக இருப்பதால் மட்டும் மூன்றுக்கும் உறவு உண்டாகிவிடாது. ஒவ்வொரு எண்ணும் எந்த மண்ணில், எந்தத் தேவைக்காகப் பிறந்தது என்று கேட்பதே வரலாறு.

யூதர்களே போட்ட எல்லை

இந்தக் கண்டிப்பை வெளியாரிடமிருந்து யூதர்கள் கற்கவில்லை. அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே ரபி எலாசார் பென் கிஸ்மாவின் வாக்கு ஒன்று உண்டு. பலி முறைகளையும் தூய்மைச் சட்டங்களையும் சோறாகவும், வான் கணக்கையும் கெமத்ரியாவையும் தொடுகறியாகவும் அவர் வைத்தார். தொடுகறி உணவுக்குச் சுவை கூட்டும், பசியாற்றாது.

ஸ்பெயினில் பிறந்து 12ஆம் நூற்றாண்டில் எழுதிய ஆபிரகாம் இபின் எஸ்ரா இன்னும் கறாராகச் சொன்னார். 318 என்பது எலியேசரைக் குறிக்கும் என்ற விளக்கம் வந்த இடத்திலேயே, வேதம் கெமத்ரியாவில் பேசுவதில்லை என்று எழுதினார். கூட்டத் தெரிந்தவன் எந்தப் பேரிலும் நல்லதும் எடுக்கலாம், கெட்டதும் எடுக்கலாம் என்பது அவர் வாதம்.

அவர் எண்ணை வெறுத்தவர் அல்லர் என்பது முக்கியம். ‘எண்களின் நூல்’ என்று எபிரேயத்தில் கணித நூல் எழுதினார். இந்திய முறையில் ஒன்பது இலக்கங்களும் சுழியும் கொண்டு, இடத்தால் மதிப்பு மாறும் கணக்கை எபிரேய வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது அந்த நூல். ஒன்பது இலக்கத்துக்கு ஆலெப் முதலான ஒன்பது எழுத்துகளையே வைத்துக்கொண்டார். சுழிக்கு ஒரு வட்டம் போட்டார். யூதர் கடல் வழியே நம் கரைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், நம் நாட்டு எண் முறை அவர்கள் மொழிக்குள் போயிருக்கிறது. மிளகுக்கு இணையான ஏற்றுமதி அது.

இபின் எஸ்ராவின் எச்சரிக்கையைக் கேளாததன் விலை 1666இல் தெரிந்தது. துருக்கியின் ஸ்மிர்னாவைச் சேர்ந்த சபத்தாய் த்சேவியை மேசியா என்று யூத உலகின் பெரும்பகுதி நம்பியது. அவர் பேரின் மதிப்பு 814. எல்லாம் வல்லவர் என்ற பொருளுள்ள இறைநாமத்தின் எழுத்துப் பேர்களை விரித்துக் கூட்டினாலும் 814. இதுவே சான்று என்றார்கள். பலர் வீடு வாசலை விற்றுப் புனித நாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தார்கள். உதுமானிய சுல்தான் முன் நிறுத்தப்பட்டதும் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கணக்கிலிருந்து எடுத்த முடிவுதான் ஆயிரக்கணக்கான குடும்பங்களை நிலைகுலைய வைத்தது.

எதற்காக இத்தனை கூட்டல்?

அப்படியானால் இந்த மரபை மூடநம்பிக்கை என்று ஒதுக்கலாமா? கூடாது. கோயில் இடிந்து, நாடு போய், மொழி மாறி, ஊர் ஊராய் அலைந்த ஒரு சனம் தன் நூலின் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணி வைத்தது. எண்ணி வைத்ததால் நூல் பெரும்பாலும் சிதையாமல் வந்தது. பேரைப் பிரித்துப் பொருள் சொன்னதால் தாத்தாவின் கதை பேரனுக்குப் போனது. எதிர்காலத்தைக் கணிக்க அதைப் பயன்படுத்தியபோதெல்லாம் பொய்த்தது. இறந்த காலத்தைக் காக்கப் பயன்படுத்தியபோதெல்லாம் நிலைத்தது.

கேரளக் கரையில் அதன் தடங்கள் கல்லில் இருக்கின்றன. சேந்தமங்கலத்தில் இஸ்ரவேலின் மகள் சாராள் என்று எபிரேயத்தில் பேர் பொறித்த 1269ஆம் ஆண்டுக் கல்லறைக் கல், இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டு. கொச்சங்காடியில் இருந்து அழிந்துபோன ஜெப ஆலயத்தின் 1344ஆம் ஆண்டுக் கல் இன்று பரதேசி ஜெப ஆலயச் சுவரில் பதிந்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த கவிஞரும் மறைஞானியுமான நெகேமியா மோத்தாவின் சமாதியில் யூதர் மட்டுமல்லாமல் அக்கம்பக்கத்து இந்துக்களும் கிறித்தவர்களும் முஸ்லிம்களும் விளக்கேற்றி வந்திருக்கிறார்கள். 1950களில் பெரும்பாலான கேரள யூதர்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். நெகேவ் பாலைநிலத்து நெவாத்திம் போன்ற ஊர்களில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் சென்றபோது அந்நாட்டுப் பிரதமருக்குக் கொடுத்த பரிசுகளில் கொச்சிச் செப்பேட்டின் படியும் ஒன்று.

பேருக்குள் வரலாற்றைப் பொதிந்து வைப்பது வத்தல்மலையிலும் நடந்திருக்கிறது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் கேரளத்து மலையாளிகளுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்வோர் என்ற பொருளில் வந்த பேர் அது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்பது சேர்வராயன் முதல் பச்சைமலை வரை பரவிய அந்தச் சமூகத்தின் வழிவழிக் கதை. மூன்று பேரையும் ஆண்டு குறித்து நிறுவ முடியுமா என்று கேட்பது ஆய்வு. அண்ணன் தம்பி முறையை வைத்தே மலைக்கு மலை உறவைக் காப்பாற்றியிருக்கிறார்களே என்று வியப்பது மரியாதை. ஆபிரகாமின் ஐந்தையும் எலியேசரின் 318ஐயும் நாம் படிக்க வேண்டிய முறையும் அதுவே. ஆய்வும் மரியாதையும் ஒன்றை ஒன்று விலக்க வேண்டியதில்லை.

செப்பேட்டின் 72க்குச் சேர நாட்டுக் காரணம் தெரிந்த பிறகும், அந்த எண்ணைக் கேட்டு ஒரு யூத முதியவர் மகிழ்ந்திருந்தால் அந்த மகிழ்ச்சியில் பொய் ஏதும் இல்லை. தன் வேதத்தின் எண் தன்னை ஏற்ற நாட்டிலும் ஒலிக்கிறது என்று அவர் எடுத்துக்கொள்ளலாம். அது அவருடைய உரிமை. அதை மன்னனின் எண்ணமாக எழுதாமல் இருப்பது நம் கடமை.

அடுத்த பகுதியில் கிழக்குக் கடற்கரைக்கு வருவோம். கோல்கொண்டா வைரத்துக்காகச் சென்னைப்பட்டணத்தில் குடியேறிப் பவளம் விற்ற யூத வணிகர்களையும், அவர்கள் தொழிலின் பேரை இன்றும் சுமக்கும் பவளக்காரத் தெருவையும் பார்ப்போம்.

(தொடரும்)